கடலுக்குப் பின்கோடு கிடையாது

செல்போன் டவர் பராமரிப்பில் இருப்பவனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: டவரை எடு என்று சண்டைக்கு வருகிறவர்கள், டவர் எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து, "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று கத்தியபடி பால்கனிக்கு ஓடியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்கு உறவு. நீங்கள் திட்டுகிற திட்டெல்லாம் கடைசியில் எனக்குத்தான் வந்து சேருகிறது. என் கோபம் உங்கள் கோபத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டவர்காரன் என்று பேர் இருந்தாலும் நான் கம்பெனிக்காரன் இல்லை. கம்பெனி இந்த வேலையை இன்னொரு கம்பெனியிடம் விட்டிருக்கிறது. அது வேறொரு கம்பெனியிடம் விட்டது. அந்தக் கம்பெனி என்னிடம் ஒரு ஹெல்மெட்டையும் ஒரு சாவிக்கொத்தையும் கொடுத்து, மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் மொட்டைமாடிகளைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டது.

டவர் என்றதும் நெடுநெடுவென்ற இரும்புக் கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் மொட்டைமாடியில் சில இரும்புக் கம்பங்கள் இருக்கும், அவற்றில் ஆளுயர ஆண்டெனாக்கள் மாட்டியிருக்கும். பக்கத்தில் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு பீரோ மாதிரி ஒரு பெட்டி நிற்கும். நீங்கள் கொஞ்சுவதும் கடன் கேட்பதும் அந்தப் பெட்டிக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. அப்படி ஒரு பெட்டி சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் போகிற வழியில், ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் தலையில் இருக்கிறது. என் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தவர் டாக்டர்தான், ஆனால் அதை வரவழைத்தது அந்தப் பெட்டி.

வீணாய்ப் போகிற காற்று

அந்த வருடம் கோடை ஆரம்பித்ததிலிருந்து பெட்டி தினமும் உச்சிப்பொழுதில் படுத்துவிடும். உள்ளே சூடு தாங்கவில்லை என்று அலாரம் அடித்துவிட்டுத் தானே அணைந்துகொள்ளும். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போய் மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கிற மின்விசிறியை மாற்றினேன். தூசி வடிகட்டியை மாற்றினேன். அடுத்து என்னையே மாற்றிவிடலாமா என்று ஆபீசில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் அலாரம் அடிக்கிற நேரத்துக்கு முன்னாலேயே மாடிக்குப் போய்விட்டேன்.

பெட்டியின் தலைமேல் ஒரு பழைய புடவை விரித்திருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம். புடவையின் மிச்சம், காற்று உள்ளே போகிற சல்லடையை முழுக்க மூடிக்கொண்டு தொங்கியது. சூடான காற்று வெளியே வருகிற பக்கத்தில் மோர்மிளகாய்த் தட்டுகள். நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு, காக்காய்க்குக் காவலாக உட்கார்ந்திருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி அலமேலு மாமி. இந்த வடாமால் நாலு தெருவுக்குப் போன் வேலை செய்யவில்லை என்று என்னால் முடிந்த அளவு மரியாதையாகச் சொன்னேன். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு விவரம் போதாது என்று நினைத்தவர் மாதிரி, பொறுமையாக விளக்கினார்:

"வெயில்ல போட்டா நாலு நாள் ஆறது, உன் பொட்டிமேல போட்டா ரெண்டே நாள்ல காஞ்சுடறது. நன்னா சூடாக் காத்து வந்துண்டிருக்கு, வீணாத்தானேப்பா போறது?"

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்

மாமியாவது பரவாயில்லை. அவருடைய கணவர் ராகவன், அதாவது சங்கச் செயலாளர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் ஓடுவதே டவர் வாடகையில்தான். அதனால் டவரை எடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வராது. ஆனால் டவரிலிருந்து வருகிற கதிர்வீச்சால் தனக்குத் தலை பாரமாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. இதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே மீட்டர் அறைக்குப் போய் டவரின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு போய்ப் போடுவார். அந்த நேரம் முழுக்கப் பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததும், அவர் நிம்மதியாகத் தூங்கிய தூக்கமெல்லாம் அதே கதிர்வீச்சில் தூங்கியதுதான் என்பதும் அவருக்குத் தெரியாது.

தினமும் இப்படிக் காலியானால் எந்தப் பேட்டரி தாங்கும்? ஒரு நாள் அது உயிரை விட்டது. அதே நேரத்தில் வெளிநாட்டிலிருந்து அவருடைய பெண் பேசியிருக்கிறாள், பாதியில் அறுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, உங்கள் நெட்வொர்க் லட்சணம் இதுதானா, இதற்கு ஒரு ஆபீஸ் வேறா என்று அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. நேரில் போய் அவரை மீட்டர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் கையாலேயே அணைத்திருந்த சுவிட்சைக் காட்டினேன். ஒரு சின்ன வருத்தமாவது முகத்தில் தெரியும் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ரேடியேஷன் வேற பிரச்சினை, சிக்னல் வேற பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் கலக்காதீங்க மிஸ்டர்."

கடலின் மக்கள்தொகை

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அவருடைய உள்ளறையில், அதிலும் கட்டிலில் படுத்தபடி பேசினால், சிக்னல் குறைகிறதாம். தினமும் ஒரு புகார் போட ஆரம்பித்தார். மாமியின் எண்ணிலிருந்து ஒன்று, எதிர்வீட்டுக்காரர் எண்ணிலிருந்து ஒன்று என்று புகார்கள் குவிந்தன.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஆண்டெனா என்பது டார்ச் லைட் மாதிரி. எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் வெளிச்சம். அந்த மாடியில் மூன்று ஆண்டெனாக்கள். ஒன்று சாந்தோம் பக்கம் பார்க்கும், ஒன்று மந்தைவெளி பக்கம் பார்க்கும். மூன்றாவது கிழக்கே, கடலைப் பார்க்கும். எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற பிரசன்னா என்கிற பையன் தி.நகர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். கம்ப்யூட்டரில் கலர் கலராக ஊரின் படம் இருக்கும். அதில் புகார் அதிகமாக இருக்கிற இடம் சிவப்பு. ஆளே இல்லாத இடம் சாம்பல். அந்தப் பையன் ஒரு மொட்டைமாடிக்காவது ஏறி நான் பார்த்ததில்லை. ராகவன் சாரின் கட்டில் இருந்த இடம் அவனுடைய படத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கடல் வழக்கம்போல் சாம்பல். மூன்றாவது ஆண்டெனாவைக் கடலிலிருந்து திருப்பி, தலையைக் குனியவைத்து, குடியிருப்புகள் பக்கம் பார்க்க வைக்கவும் என்று உத்தரவு வந்தது.

நான் போனில் கூப்பிட்டேன். அது பட்டினப்பாக்கத்துப் படகுகள் போகிற பக்கம், தினமும் ஆட்கள் கடலில் இருக்கிறார்கள், அவர்களும் காசு கொடுத்துத்தான் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்றேன். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்புகூட இல்லை, ஒரு நண்பனிடம் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"ப்ரோ, கடல்ல பாப்புலேஷன் ஜீரோ. மீனுக்கு எதுக்கு ப்ரோ சிக்னல்?"

முகவரிக்கு அருகில் செல்லவும்

கம்பம் ஏறி ஆண்டெனா திருப்புகிற வேலை டென்னிஸுடையது. எங்கள் குழுவில் ஏறத் தெரிந்தவன் அவன்தான், பட்டினப்பாக்கத்துக் குப்பத்துக்காரன். அவனுடைய அக்கா மேரி அங்கேயே மீன் விற்கிறார். அக்காள் கணவர் அந்தோணி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். சின்னப் படகு, வயர்லெஸ் எல்லாம் கிடையாது. பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிய செல்போன்தான் எல்லாம். கரைக்குத் திரும்பும்போது இன்ன மீன் கிடைத்தது என்று மேரிக்குச் சொல்வார், மேரி அதற்கேற்ற வியாபாரியை நிறுத்தி வைப்பார். இன்ஜின் நின்றுவிட்டால் பக்கத்துப் படகைக் கூப்பிடவும் அதுதான். தன் கையாலேயே அதைப் பிடுங்குகிறோம் என்று டென்னிஸுக்குத் தெரியும். "இன்னா சார், நம்ம பக்கம் காலியா உட்றமே" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். உத்தரவு என்றேன். போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கிப் போனான்.

அன்றிலிருந்து அந்தோணியின் போன் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செத்துவிடும். மேரி வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டிருக்கிறார். எந்த இடத்தில் சிக்னல் இல்லை என்று கேட்டார்கள். கடலில் என்றார். பின்கோடு கேட்டார்கள். அருகில் உள்ள முக்கியமான கட்டடம் எது என்று கேட்டார்கள். மறுபடியும் கடல் என்றதும் லைனை வைத்துவிட்டார்கள். கடைசியில் வேறு வழி இல்லாமல் தன் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறார். புகார் என் போனுக்கு வந்தது. நான் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். சிக்னல் முழுசாக இருந்தது, வேறொரு டவரின் புண்ணியம். சரி, அலையோரம் போய்ச் சோதித்து உண்மையை எழுதலாம் என்று மணலில் நடந்தேன். சோதனையைப் பதிகிற எங்கள் போன் செயலி ஒத்துக்கொள்ளவில்லை. 'முகவரிக்கு அருகில் செல்லவும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. இன்னும் நாலடி கடலுக்குள் இறங்கியிருந்தால் என்னைக் காணாமல் போனவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கும்.

நான் ஒன்றுமே எழுதாமல் திரும்பினேன். சாயங்காலம் புகார் தானாகவே முடிந்துபோயிருந்தது. 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்' என்று மேரிக்கு மெசேஜ் வந்திருக்கிறது. அடுத்த நாள் மீன் கூடைகளுக்கு நடுவில் என்னை நிற்கவைத்து, அந்த மெசேஜைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் படித்தேன். சுற்றி இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"ஊட்டுல குந்திக்கினு கீற எனக்கு இன்னாத்துக்கு சார் டவரு? கடல்ல கீறவனுக்குத்தான வோணும்."

கண்ணுக்குத் தெரிந்த டவர்

பயந்தது நடந்தது. விடியுமுன் போன அந்தோணியின் படகு, மற்றப் படகுகளெல்லாம் திரும்பிய பிறகும் வரவில்லை. டென்னிஸ் என்னைக் கூப்பிட்டான். நான் போனபோது மேரி தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டு போனை அழுத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அந்தக் குரல் மாறி மாறிச் சொன்னது. அவ்வளவு இனிமையான குரல். அதன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. குப்பத்துப் படகுகள் தேடக் கிளம்பின. எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்லத்தான் யாருமில்லை. டென்னிஸும் ஒரு படகில் ஏறிப் போய்விட்டான்.

ஆண்டெனாவைத் திருப்பினால் ஒரு போன் வரலாம். ஆனால் எனக்குக் கம்பம் ஏறத் தெரியாது, டென்னிஸோ கடலில். இன்னொரு பகுதியிலிருந்து ஏறுகிற ஆள் அனுப்ப வேண்டும் என்றால் ஆபீஸ் உத்தரவு வேண்டும். வண்டியை தி.நகருக்கு விரட்டினேன். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் ஊர்ந்து, பிரசன்னாவின் மேசைக்கு முன்னால் போய் நின்று கத்தினேன். அவன் பயந்துவிட்டான், பாவம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பயந்தவன் செய்தது என்ன? அப்ரூவலுக்கு மெயில் போட்டான். மேலதிகாரி மீட்டிங்கில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். பாதுகாவலர் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து ஒரு சோபாவில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஏசி போட்டிருந்த அந்த அறையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அந்தச் சோபாவில் இருக்கும்போதுதான் டென்னிஸின் போன் வந்தது. மாமா கிடைத்துவிட்டார். இன்ஜின் நின்று, நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த கோவளத்துப் படகு ஒன்று பார்த்துக் கயிறு போட்டிருக்கிறது. சாயங்காலம் நான் போனபோது அந்தோணி வீட்டு வாசலில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. அவர் பக்கத்தில் மேரி உட்கார்ந்து, அவருடைய சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தோணி என்னைத் திட்டவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப நேரம் அந்த மாடி, கம்பம் எல்லாம் அங்கேர்ந்து பளிச்சுனு கண்ணுக்குத் தெரிஞ்சிக்கினே இருந்திச்சி சார். போனுக்குத்தான் தெர்ல."

சம்பவம் எங்கே

இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். இப்போதாவது திருப்பச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மனிதனின் உயிர் போகப் பார்த்தது என்று சொல்லி மேசையைத் தட்டினேன். பிரசன்னா மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். ஆபத்து நடந்திருந்தால் அதற்கு என்று ஒரு தனி வழி இருக்கிறதாம், உடனே செய்துவிடலாமாம். சாதாரண வழியில் போனால், படத்தில் ராகவன் சாரின் சிவப்பு மறுபடி வந்துவிடும் என்று அனுமதி கிடைக்காதாம். நேற்று நடந்தது ஆபத்து இல்லையா என்று கேட்டேன். அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான். அந்தப் பதிலுக்கு அவனை அடிக்காமல் வந்தது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம்.

"ஆள்தான் வந்துட்டார்ல ப்ரோ, அப்புறம் இன்சிடென்ட் எங்க இருக்கு?"

பெரிய இடத்துப் புகார்

அதற்குப் பிறகு மேரி, அந்தோணியைக் கடலுக்கு அனுப்பப் பயந்தார். அந்தோணி போகாமல் இருக்க முடியாது என்றார். அந்த வீட்டில் தினமும் சண்டை. டென்னிஸ் அக்கா வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை என் போன் கொதித்தது. பிரசன்னா கூப்பிட்டான். அவன் முடிப்பதற்குள் அவனுடைய மேலதிகாரி கூப்பிட்டார். அவர் முடிப்பதற்குள், இதுவரை நான் பேரைக்கூடக் கேட்டிராத ஒருவர் கூப்பிட்டார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மூன்றாவது ஆண்டெனாவை உடனே கடல் பக்கம் திருப்பு. யாரோ ஒரு பெரிய மனிதர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சொகுசுப் படகில் கடலுக்குள் போயிருக்கிறார். பேரனின் பிறந்தநாளாம். கேக் வெட்டுவதை வீடியோவில் ஊருக்குக் காட்டப் பார்த்தாராம், போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். கேக் வெட்டியாகிவிட்டது, படம் போகவில்லை. அவரிடம் யாரும் பின்கோடு கேட்கவில்லை. அருகில் உள்ள முக்கியமான கட்டடம் எது என்று கேட்கவில்லை. அப்ரூவல் மெயிலைப் பற்றி நான்தான் கேட்டேன், "காமெடி பண்ணாதீங்க ப்ரோ" என்றான் பிரசன்னா. ராகவன் சாரின் கட்டில் என்ன ஆகும் என்றும் கேட்டேன். அதற்குள் அவன் லைனை வைத்துவிட்டான்.

டென்னிஸ் கம்பத்தில் ஏறின வேகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆண்டெனாவைத் திருப்பினான், குனிந்திருந்த தலையை நிமிர்த்தினான். போல்ட்டுகளை அவன் முறுக்கிய முறுக்கில் ஸ்பேனர் வளைந்துவிடுமோ என்று இருந்தது. இறங்கியதும் மாடியிலிருந்தே அந்தோணிக்குப் போன் போட்டான். அவர் அப்போது வலையோடு கடலுக்குள் இருந்தார். மணி அடித்தது. "மாமா" என்றான். போனை என் பக்கம் நீட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

நான் பட்டினப்பாக்கம் போய் மேரியிடம் சேதியைச் சொன்னேன். எப்படி நடந்தது என்றும் மறைக்காமல் சொன்னேன், கேக் வரைக்கும். அவருக்குக் கையும் ஓடவில்லை, கத்தியும் ஓடவில்லை. பாதி வெட்டிய வஞ்சிரத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று ஏதோ ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அவருக்கு என்மேல் கோபம் இல்லை. அந்தப் பெரிய மனிதர்மேலும் இல்லை. நாளைக்குக் காலையில் தன் வீட்டுக்காரர் படகைத் தள்ளும்போது என்ன ஆகும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அந்த ஆளு இன்னொரு தபா எப்போ கடலுக்குப் போவாருன்னு கேட்டுச் சொல்லு சார்."

கேட்டேன், 'அவர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறவரைக்கும் ஆண்டெனா அப்படியே இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்' என்று பதில் வந்தது. ஆக, அந்தப் பெரிய மனிதருக்குக் கடல் அலுத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வேண்டிக்கொள்வதும் இப்போது டவர் பராமரிப்பில்தான் சேர்த்தி.